சார்ஜ் ஏறுது, நிக்குது: பேட்டரியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

லேப்டாப்பில் சார்ஜ் விட்டு விட்டு ஏறுகிறது என்று கடையில் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில், "பேட்டரி போயிடுச்சு, மாத்திடலாம்." மாற்றுவார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள் பழைய கதைதான். பழையதாகிப் போன பேட்டரியின் குணமே வேறு. அது மளமளவென்று 100% காட்டும், பிளக்கைப் பிடுங்கியதும் மளமளவென்று இறங்கும். ஏறுவதும் நிற்பதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தால், கோளாறு பேட்டரிக்கு முன்னால் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சார்ஜ் நிற்கும் அந்த நொடியில், திரையின் மூலையில் பேட்டரி படத்தோடு இருக்கும் பிளக் குறியும் சேர்ந்து மறைகிறதா? அல்லது பிளக் குறி அப்படியே இருக்க, சார்ஜ் மட்டும் நிற்கிறதா?

பிளக் குறியும் மறைந்தால் அது முதல் வகை, கரண்ட் உள்ளே வரவே இல்லை. சுவர் பிளக்கிலிருந்து லேப்டாப்பின் ஜாக் (சார்ஜர் செருகும் துளை) வரைக்கும்தான் தேட வேண்டும், பேட்டரியைத் தொட வேண்டாம். பிளக் குறி இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் அது இரண்டாம் வகை, கரண்ட் வருகிறது, ஆனால் லேப்டாப் அதை பேட்டரிக்கு அனுப்ப மறுக்கிறது. விண்டோஸ் காட்டும் "பிளக்டு இன், நாட் சார்ஜிங்" என்ற வரியின் பொருள் இதுதான். லேப்டாப்பின் மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறிய கன்ட்ரோலர், அடாப்டரிடம் "நீ எத்தனை வாட்?" என்றும் பேட்டரியிடம் "உன் சூடு என்ன, வோல்டேஜ் என்ன?" என்றும் கேட்டபடியே இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்தாவது சரியான பதில் வராவிட்டால் சார்ஜை நிறுத்திவிட்டு லேப்டாப்பை மட்டும் ஓட்டும்.

திரையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கு விண்டோஸிலேயே ஒரு பதிவேடு இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து எழுதி (powercfg /batteryreport) என்டர் அழுத்துங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று அங்கேயே காட்டும். பிரௌசரில் திறந்து ‘ரீசன்ட் யூசேஜ்’ பகுதிக்குப் போங்கள். எத்தனை மணிக்கு ஏசியில் (அதாவது அடாப்டர் கரண்டில்) ஓடியது, எத்தனை மணிக்கு பேட்டரிக்கு மாறியது என்று வரிசையாக இருக்கும். நீங்கள் பிளக்கைத் தொடாமலே உட்கார்ந்திருந்த நேரத்தில் ஏசி, பேட்டரி, ஏசி என்று மாறி மாறி வந்திருந்தால் அது முதல் வகைக் கோளாறு.

அதே அறிக்கையின் மேல்பகுதியில் ‘டிசைன் கெபாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்று இரண்டு எண்கள் மில்லிவாட் அவர் கணக்கில் இருக்கும். முதலாவது 42,000, இரண்டாவது 27,300 என்றால் பேட்டரியில் மிச்சம் இருப்பது 65%. என் கணக்கில் 80%க்கு மேல் இருந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கவே வேண்டாம், 60%க்குக் கீழே போனால் வேறு கோளாறு இல்லாவிட்டாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது. லினக்ஸில் யுபவர் என்ற நிரல் இதே எண்களைத் தரும்.

முதல் வகை எளிது. அடாப்டரிலிருந்து சுவர் வரை போகும் கேபிளைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அதன் மூன்று துளைத் தலை அடாப்டருக்குள் முழுதாக அமராமல் ஆடிக்கொண்டிருக்கும். விலை குறைந்த பாகமும் அதுதான், வேறொன்றைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். சுவர் சாக்கெட் லூஸாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். "லோ வோல்டேஜால ஏறல" என்பது பெரும்பாலும் சரியில்லை. அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். 180 வோல்ட் வந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

அடுத்தது, லேப்டாப் பக்கம் போகும் ஒயர். இது உடையும் இடம் இரண்டுதான். அடாப்டர் பெட்டியிலிருந்து வெளியே வரும் கழுத்து, லேப்டாப்பில் செருகும் முனைக்கு (பின்) சற்று முன்னால் இருக்கும் ரப்பர் கழுத்து. அடாப்டரைச் சுற்றி ஒயரை இறுக்கிச் சுற்றி வைக்கும் பழக்கம் முதல் இடத்தைக் கொல்லும். மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் இரண்டாவதைக் கொல்லும். லேப்டாப் ஓடும்போது இரண்டு இடங்களையும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். விண்டோஸ் ‘டிங்’ என்று சத்தம் போட்டாலோ திரையின் வெளிச்சம் குறைந்து கூடினாலோ ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. ஒயரை அசைக்கும்போது ஒன்றும் ஆகாமல், பின்னை ஜாக்கினுள் ஆட்டும்போது மட்டும் அறுந்தால் ஜாக். பேட்டரியை வெளியிலிருந்தே கழற்றக்கூடிய பழைய மாடல் என்றால் வேலையைச் சேமித்துவிட்டு, அணைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டி இதே சோதனையைச் செய்யலாம். இணைப்பு விட்டால் லேப்டாப்பே அணைந்துவிடும், சந்தேகத்துக்கு இடமிருக்காது.

இன்னொரு அறிகுறி. அடாப்டரில் விளக்கு எரிகிறது, பின்னை லேப்டாப்பில் செருகியதும் விளக்கு அணைகிறது. அடாப்டர் ஷார்ட் சர்க்யூட்டை உணர்ந்து தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். வேறு அடாப்டரிலும் அப்படியே ஆனால் லேப்டாப் போர்டில் ஷார்ட். மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள்.

இனி இரண்டாம் வகை. பணம் வீணாவது இங்கேதான்.

முதலில், இது கோளாறே இல்லாமல் இருக்கலாம். பேட்டரியின் ஆயுளுக்காக நிறுவனங்களே சார்ஜுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. அசூஸின் மைஅசூஸ் செயலியில் 80% வரம்பை இயக்கினால் 80ல் நின்று, 78க்கு இறங்கிய பிறகுதான் மறுபடி ஏறும். சில பதிப்புகளில் 60% வரம்பும் உண்டு. லெனோவோவின் ‘கன்சர்வேஷன் மோட்’ பழைய ஐடியாபேடுகளில் 60ஐ ஒட்டியும் புதியவற்றில் 80ஐ ஒட்டியும் நிறுத்தும். எச்பியில் இது பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புப் பக்கம்) ‘பேட்டரி ஹெல்த் மேனேஜர்’ என்ற பெயரில் இருக்கிறது. டெல்லில் ‘கஸ்டம்’ என்று தேர்ந்தால் தொடங்கும் சதவீதம், நிறுத்தும் சதவீதம் இரண்டையும் நாமே வைக்கலாம். யாரோ வைத்துவிட்டுப் போன வரம்பு விண்டோஸை அழித்துப் போட்டாலும் சில மாடல்களில் போகாது, ஏனென்றால் அது கன்ட்ரோலரின் நினைவில் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். வரம்பே இல்லாத மாடல்களிலும், 96, 97 சதவீதத்தில் பிளக் செருகினால் ஏறாமல் இருப்பது சாதாரணம். கொஞ்சம் இறங்கினால்தான் தொடங்கும்படி எழுதியிருப்பார்கள். 80க்கு மேல் ஆமை வேகத்தில் ஏறுவதும் இயல்பு. செல்லின் வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டதும் கரண்டைப் படிப்படியாகக் குறைத்துத்தான் மிச்சத்தை நிரப்ப முடியும்.

வரம்பு எதுவும் இல்லை, 40லோ 50லோ நிற்கிறது என்றால் அடாப்டரை லேப்டாப் அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள். டெல், எச்பி அடாப்டர்களின் உருளை முனைக்கு நடுவே ஊசி போல ஒரு மெல்லிய பின் இருக்கும். அது மின்சாரம் தருவதற்கானது அல்ல, அடையாளம் சொல்வதற்கானது. டெல் அடாப்டருக்குள் இருக்கும் ஒரு சிறு சிப், அந்த ஊசி வழியாக "நான் 65 வாட்" என்று சொல்லும். லெனோவோவின் செவ்வக முனையில் சிப்புக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர் அதே வேலையைச் செய்கிறது. ஊசி வளைந்தாலோ அதற்குப் போகும் நூல் போன்ற ஒயர் ரப்பர் கழுத்தில் அறுந்தாலோ 19.5 வோல்ட் குறையாமல் வரும், பிளக் குறியும் இருக்கும், லேப்டாப்பும் ஓடும். ஆனால் சார்ஜ் ஏறாது. டெல்லில் பிராசசரின் வேகத்தையும் குறைத்துவிடும். "சார்ஜும் ஏறல, சிஸ்டமும் ஸ்லோவா இருக்கு" என்று இரண்டு புகார் ஒன்றாக வந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பேட்டரி கோளாறு போலவே தெரியும் அடாப்டர் கோளாறு இது.

உறுதி செய்வது சுலபம். டெல்லில் லேப்டாப்பைத் தொடங்கும்போது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் பேட்டரித் தகவல் பக்கத்தைப் பாருங்கள். அடாப்டர் வகை என்ற இடத்தில் 65 வாட், 90 வாட் என்று எண் வந்தால் அடையாளம் சரி. தெரியவில்லை என்று வந்தால், அதே வாட்டில் ஒரிஜினல் அடாப்டர் ஒன்றை நண்பரிடம் வாங்கிச் செருகுங்கள். எண் வந்துவிட்டால் உங்கள் அடாப்டர். அப்போதும் வராவிட்டால் ஜாக் அல்லது போர்டில் அந்த அடையாளக் கம்பி. பல டெல் மாடல்களில் ஜாக், குட்டி ஒயரோடு தனிப் பாகமாக வருகிறது, சால்டரிங் இல்லாமல் மாற்றலாம். ஜாக்கைப் போர்டிலேயே பற்றவைத்த மாடல்களில் அது சால்டரிங் வேலை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உருளை முனையில் வெளிச்சுற்று நெகட்டிவ், உள்சுவர் பாசிட்டிவ், நடு ஊசி அடையாளம். உள்சுவரைத் தொடப் போன மீட்டர் முனை வழுக்கி ஊசியையும் சேர்த்துத் தொட்டால் 19.5 வோல்ட் நேராக அந்தச் சின்னச் சிப்புக்குப் போகும். நல்ல அடாப்டரும் அந்த நொடியே செத்துப்போகும். மீட்டர் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி நுனியை மட்டும் விட்டு அளந்து பாருங்கள். மீட்டரை டிசி 200 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். சாதாரண மஞ்சள் மீட்டர் 20 ரேஞ்சில் 19.99க்கு மேல் காட்டாது. 19க்கும் 20க்கும் இடையில் அசையாமல் நின்றால் சரி. ஆனால் இது சுமை இல்லாத அளவு. கிழடான அடாப்டர் வெறுமனே 19.5 காட்டிவிட்டு, சுமை ஏறியதும் சரியும். அதைக் கண்டுபிடிக்க லேப்டாப்பை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் சார்ஜ் போடுங்கள். அணைத்திருக்கும்போது ஒழுங்காக ஏறி, வேலை செய்யும்போது மட்டும் நின்றால் அடாப்டர் தளர்ந்துவிட்டது, அல்லது அதன் வாட் போதவில்லை. 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45 வாட் செருகினால் இதேதான் நடக்கும்.

டைப்-சி சார்ஜிங்கில் குழப்பம் இன்னும் அதிகம். பவர் டெலிவரி முறையில் சார்ஜர் 5, 9, 15, 20 வோல்ட் என்று படிகளாகத் தரும். லேப்டாப்புக்குப் பொதுவாக வேண்டியது 20. போன் சார்ஜர் 9 வோல்ட்டோடு நின்றுவிட்டால் பல லேப்டாப்கள் ஏற்கவே ஏற்காது, சில "ஸ்லோ சார்ஜர்" என்று முணுமுணுத்துக்கொண்டு நகரும். கேபிளும் முக்கியம். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான், அதாவது 60 வாட். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் கேபிளின் தலைக்குள் 5 ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும் சிப் இருக்க வேண்டும். 100 வாட் சார்ஜரை வாங்கி போன் கேபிளில் மாட்டினால் கிடைப்பது 60தான். எல்லா டைப்-சி ஓட்டையும் சார்ஜ் வாங்காது என்பதையும் மறக்க வேண்டாம், பக்கத்தில் பிளக் அல்லது பேட்டரி படம் இருக்கிறதா பாருங்கள். கேபிள் முழுதாக உள்ளே போகாமல் ஆடினால் ஓட்டைக்குள் பஞ்சு அடைத்திருக்கும். லேப்டாப்பை அணைத்து, மரப் பல்குத்தியால் மெல்ல எடுங்கள். குண்டூசி வேண்டாம்.

அடுத்த காரணம் சூடு. லித்தியம் செல்லை 0 முதல் 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் செய்யலாம், அதற்கு மேல் போனால் பேட்டரியே வேண்டாம் என்று சொல்லிவிடும். சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து வீடியோ எடிட் செய்தால் அந்த 45 வெகு தூரம் இல்லை. காலையில் ஏறும், மதியம் நிற்கும், ஃபேனுக்குக் கீழே வைத்தால் அரைமணியில் மறுபடி ஏறும் என்ற கணக்கில் போனால் இதுதான். கீழ் மூடியைத் திறந்து விசிறியிலும் அதன் பக்கத்துத் தகட்டு இடுக்கிலும் படிந்த தூசியை எடுத்தாலே பல நேரம் தீரும். சார்ஜ் வேகத்தை நேரில் பார்க்க பேட்டரிஇன்ஃபோவியூ என்ற இலவச நிரல் உதவும். வாட் எண் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் லூஸ் கனெக்‌ஷன் பக்கம் பாருங்கள். சூடு ஏற ஏற மெல்லத் தேய்ந்து நின்றால் வெப்பம்.

டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை நீக்கி மறுபடி போடுங்கள் என்ற வைத்தியம் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. செய்வதில் கெடுதல் இல்லை, பலனும் அபூர்வம். சார்ஜ் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது விண்டோஸ் இல்லையே. அதைவிட உருப்படியானது கன்ட்ரோலரை ரீசெட் செய்வது. அணைத்து, அடாப்டரைக் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பல லெனோவோ திங்க்பேடுகளின் அடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும், காகித கிளிப்பை நீட்டி அதை அழுத்தலாம். ஒருமுறை செய்து பலன் இல்லையென்றால் பத்து முறை செய்தாலும் இல்லை. பயாஸ் அப்டேட்டை மட்டும் அடாப்டர் சந்தேகத்தில் இருக்கும்போது தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு கல்லாகிவிடும், லேப்டாப் தொடங்கவே தொடங்காது.

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே திறக்க வேண்டும். திங்க்பேடில் திறக்கும் முன் பயாஸில் உள் பேட்டரியைத் துண்டிக்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். மற்றவற்றில் அணைத்து, அடாப்டரை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை பிளாஸ்டிக் நெம்பியால் விடுவியுங்கள். கனெக்டரின் ஓரப் பின்கள் பாசிட்டிவ், நெகட்டிவ். நடுவில் இருப்பவை பேட்டரி தன் கணக்கைச் சொல்லும் டேட்டா கம்பிகள். இவற்றில் ஒன்று பிடிப்பு விட்டாலும் பேட்டரி இருப்பதே தெரியவில்லை என்றோ 0% என்றோ வரும், தட்டினால் திரும்ப வரும். கடலோர ஊர்களில் பச்சை பூத்திருப்பதையும் பார்க்கலாம். ஐசோபிரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, காய விட்டு, அழுத்தி மாட்டுங்கள்.

பேட்டரியே காரணம் என்பதற்கும் தனி அடையாளங்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே சதவீதத்தில் நின்றால், 30லிருந்து நேராக அணைந்தால், உள்ளே ஒரு செல் வரிசை நொந்திருக்கிறது. மூன்று செல் தொடராக இருக்கும் பேட்டரியில் நலிந்த செல் மற்றவற்றுக்கு முன்பே உச்ச வோல்டேஜைத் தொட்டுவிடும், பாதுகாப்பு போர்டு அதைப் பார்த்து மொத்தத்தையும் நிறுத்திவிடும். மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த பேட்டரி என்றால் வேறு கதை. மிகக் கீழே இறங்கிய செல்லுக்கு முதலில் துளித்துளியாகத்தான் கரண்ட் போகும், அரைமணி வரை 0% என்றே இருக்கலாம். அணைத்த நிலையில் இரண்டு மணி நேரம் விட்டும் நகரவில்லையா, விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுத்து எழுப்பும் வித்தை வீடியோக்களில் அழகாக இருக்கும், வீட்டில் தீ வைக்கும். "செல் மட்டும் மாத்தித் தரேன்" என்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பல பேட்டரிகளின் உள் சிப், ஒருமுறை நிரந்தரக் கோளாறு என்று குறித்துக்கொண்டால் புது செல் போட்டாலும் பூட்டைத் திறக்காது.

நல்ல அடாப்டர், அடையாளமும் சரி, பேட்டரியும் இன்னொரு லேப்டாப்பில் ஏறுகிறது, இதில் மட்டும் ஏறவில்லை. அப்படியென்றால் போர்டில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஐசியோ அதன் பக்கத்தில் ஸ்விட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட்டோ போயிருக்கிறது. போர்டில் உள்ள சிப்பையே மாற்றத் தெரிந்த, சிப் லெவல் சர்வீஸ் செய்பவரிடம் போங்கள்.

மாற்றுவது என்று முடிவானால், லேப்டாப் மாடலை வைத்து வாங்காமல் பழைய பேட்டரியின் மேல் இருக்கும் பாகத்தின் எண்ணை வைத்து வாங்குங்கள். ஒரே மாடலுக்கு மூன்று செல், நான்கு செல் என்று இரு வகை இருக்கும், திருகு போடும் இடம்கூட மாறும். 11.1, 11.4, 11.55 வோல்ட் மூன்றுமே மூன்று செல் தொடராக இருப்பவைதான். 14.8ம் 15.2ம் நான்கு செல் தொடராக இருப்பவை. ஆனால் 11.1க்கான செல் 4.2 வோல்ட்டில் நிறையும், 11.4க்கானது 4.35ல், 11.55க்கானது 4.4ல். "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி விற்பதில் இருக்கும் ஆபத்து அங்கே. இந்தியாவில் விற்கும் பேட்டரியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று வரும். லேபிளில் இருக்கும் பெயரும் செயலியில் வரும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாட்டிய அன்றே பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். புது பேட்டரியில், எத்தனை முறை முழுதாக ஏறி இறங்கியது என்று சொல்லும் சுழற்சி எண்ணிக்கை (‘சைக்கிள் கவுண்ட்’) ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். 200 என்று காட்டினால் அது புதிது இல்லை.

டச்பேட் மேலெழும்பி கிளிக் ஆகாமல் இருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். பேட்டரி உப்பிவிட்டது. அடாப்டரைப் பிடுங்கி, அணைத்து, குத்தாமல் அழுத்தாமல் கழற்றுங்கள். ஒட்டியிருந்தால் உலோகத்தால் நெம்பாதீர்கள், கடையில் விட்டுவிடுங்கள். கழற்றியதன் கனெக்டர் மேல் டேப் ஒட்டி, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புது பேட்டரி வாங்கும்போதே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.